யாழ்ப்பாணத்துச் சிறு ஆலைகளில் பிஎல்சி வலையமைப்பு: ஐபி முகவரியையும் சப்நெட் மாஸ்க்கையும் சரியாக அமைக்க ஒரு வழிகாட்டி

அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையிலோ, ஊருக்குள் இயங்கும் குடிநீர் ஆலையிலோ, ஐஸ் தொழிற்சாலையிலோ பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மோட்டார், கொன்டாக்டர், ரிலே எல்லாம் உங்களுக்குப் பழகிய வேலையாக இருக்கும். பனலைத் திறந்து, இயந்திரத்தை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியிலிருந்து, வலையமைப்புக் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்சுக்கும் சுவிட்சிலிருந்து தொடுதிரைக்கும் ஓடும் ஈதர்நெட் கேபிள்களைப் பார்த்ததும்தான் தயக்கம் வரும். தொழில்நுட்பக் கல்லூரியில் ஐபி முகவரி பற்றிப் படித்தது அலுவலகக் கணினிகளை மனத்தில் வைத்துப் படித்தது. ஆலைக்குள் நிலைமை வேறு.

நான் இந்த வேலையைப் பழகியது, இயந்திரங்களைப் பொருத்திவிட்டுப் போனவர்கள் ஒரு தாளைக்கூட விட்டுச்செல்லாத ஓர் ஆலையில். எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி, எந்த மாஸ்க் என்பதை ஒவ்வொன்றாகத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.

உதாரணத்துக்கு ஒரு சிறிய குடிநீர் ஆலையை எடுத்துக்கொள்வோம். சுத்திகரிப்புப் பகுதிக்கு ஒரு பிஎல்சி, அதற்கு ஒரு தொடுதிரை, உயரழுத்தப் பம்பியின் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்த ஓர் இன்வேட்டர், போத்தல் நிரப்பும் இயந்திரத்துக்கு அதன் சொந்த பிஎல்சி, உற்பத்திக் கணக்கைப் பார்க்க அலுவலகத்தில் ஒரு கணினி. நம் பக்கத்துச் சிறு ஆலைகளில் பல இந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

1. கேபிளைத் தொடுமுன் கேட்டு வாங்க வேண்டியவை

புதிய இயந்திரம் வருகிறது என்றால், கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன் பின்வருவனவற்றை எழுத்தில் கேளுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால் தொலைபேசியை எடுக்கவே ஆள் இருக்காது.

பிஎல்சி, தொடுதிரை இரண்டினதும் மூலப் புரோகிராம் கோப்புகள் வேண்டும். அவற்றை எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் எழுதினார்கள் என்ற விவரமும் வேண்டும். சீமென்ஸின் டிஐஏ போர்ட்டலில் எழுதிய கோப்பைப் புதிய பதிப்பில் திறந்து மாற்றிவிட்டால், பழைய பதிப்பில் மறுபடி திறக்க முடியாது. அதனால் பதிப்பு எண்ணை அலட்சியப்படுத்தாதீர்கள். எல்லாக் கடவுச்சொற்களும் வேண்டும்: பிஎல்சிக்கு, தொடுதிரைக்கு, நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் இருந்தால் அதற்கு. மின்சுற்று வரைபடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக முகவரிப் பட்டியல் வேண்டும். அதில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே (வேறு வலையமைப்புக்குப் போகும் வாசலான ரவுட்டரின் முகவரி), மாக் முகவரி (தயாரிப்பிலேயே சாதனத்துக்கு இடப்படும் வன்பொருள் இலக்கம்) ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஐபியை மட்டும் எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள். மாஸ்க் இல்லாத முகவரி பாதி முகவரி.

பழைய இயந்திரம், தாள் எதுவும் இல்லை என்றால் நீங்களே தேட வேண்டும். முதலில் ஒவ்வொரு சாதனத்தின் பெயர்ப்பட்டையையும் கைப்பேசியில் படமெடுங்கள். தொடுதிரையின் அமைப்புப் பக்கத்துக்குள் போக முடிந்தால் அது தொடர்புகொள்ளும் பிஎல்சியின் முகவரி அங்கேயே தெரியலாம். அதுவும் கைகொடுக்காவிட்டால் கேபிளில் ஓடும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் நிறுவி, சாதனத்தோடு நேரடியாக ஒரு கேபிளால் இணைத்து, பதிவைத் தொடங்கிய பிறகு சாதனத்தின் மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். பல சாதனங்கள் எழும்போது 'இந்த முகவரி என்னுடையது' என்று ஏஆர்பி (எந்த ஐபி முகவரி எந்த மாக் முகவரிக்கு உரியது என்று காட்டும் முறை) செய்தி ஒன்றை வெளியே விடும். வயர்ஷார்க் திரையில் முகவரி அப்படியே தெரியும். ஆலை ஓடும்போது இதைச் செய்யக்கூடாது. பிஎல்சி அணைந்தால் எல்லாமே நின்றுவிடும்.

2. மாஸ்க் என்ன செய்கிறது என்பதை முதலில் பிடியுங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். ஆலைகளில் நான் கண்ட வலையமைப்புத் தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

நம் ஊரில் ஒருவரின் வதிவிடத்தைச் சொல்ல, ஜே என்று தொடங்கும் கிராம அலுவலர் பிரிவு இலக்கமும் வீட்டு இலக்கமும் வேண்டும். ஐபி முகவரியில் அந்த இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரிவு எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவதுதான் சப்நெட் மாஸ்க்.

ஐபி முகவரி 32 பிட் கொண்டது. அதை எட்டு எட்டாகப் பிரித்து, 0 முதல் 255 வரையான நான்கு எண்களாக எழுதுகிறோம். மாஸ்க்கும் அப்படியே. மாஸ்க்கில் 255 உள்ள இடங்கள் வலையமைப்பைக் குறிக்கின்றன. 0 உள்ள இடம் அந்த வலையமைப்புக்குள் இருக்கும் தனிச் சாதனத்தைக் குறிக்கிறது. முகவரி 192.168.10.20, மாஸ்க் 255.255.255.0 என்றால் வலையமைப்பு 192.168.10. சாதனத்தின் எண் 20. முதல் எண்ணான 0 வலையமைப்புக்கும், கடைசி எண்ணான 255 எல்லோருக்குமான அறிவிப்புக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதால் 254 சாதனங்களுக்கு இடமிருக்கிறது. இதையே சில திரைகளில் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடும் 24 என்ற எண்ணும் போட்டுக் காட்டுவார்கள். 24 பிட் வலையமைப்புக்கு என்று பொருள்.

ஒரு சாதனம் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புமுன் தன் முகவரியையும் எதிர்ச் சாதனத்தின் முகவரியையும் தன்னிடமுள்ள மாஸ்க்கால் வெட்டிப் பார்க்கும். இரண்டிலும் வலையமைப்புப் பகுதி ஒன்றாக இருந்தால் நேரே அனுப்பும். வேறாக இருந்தால் கேட்வேக்கு அனுப்பும். கேட்வே இல்லையென்றால் செய்தியை அங்கேயே கைவிட்டுவிடும்.

மாஸ்க் கேபிளில் பயணிப்பதில்லை. எதிர்ச் சாதனத்தின் மாஸ்க் என்ன என்று எந்தச் சாதனத்துக்கும் தெரியாது. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள மாஸ்க்கை நம்பித் தனியாக முடிவெடுக்கிறது. ஆகையால் ஒன்றில் மாஸ்க் பிழைத்தால் அந்தப் பிழையை எந்தத் திரையும் அறிவிக்காது.

இரண்டு உதாரணங்களைப் பாருங்கள்.

பிஎல்சிக்கு 192.168.10.10, மாஸ்க் 255.255.255.0, கேட்வே இல்லை. அலுவலகக் கணினிக்கு 192.168.11.25, மாஸ்க் 255.255.0.0. கணினி தன் மாஸ்க்கால் வெட்டிப் பார்க்கிறது: இரண்டுமே 192.168, ஆகவே ஒரே வலையமைப்பு, நேரே அனுப்பலாம். செய்தி பிஎல்சிக்குப் போய்ச் சேர்கிறது. பதில் அனுப்ப பிஎல்சி தன் மாஸ்க்கால் வெட்டிப் பார்க்கிறது: 192.168.10 வேறு, 192.168.11 வேறு. கேட்வே வேண்டும், இல்லை. பதில் போகாது. கேபிள் நல்லது, சுவிட்சில் விளக்கு எரிகிறது, கணினியின் ஏஆர்பி பட்டியலில் பிஎல்சியின் மாக் முகவரிகூடத் தெரியலாம். இருந்தும் பிங் செய்தால், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு சோதனைச் செய்தியை அனுப்பினால், பதில் இல்லை. இந்த நிலையில் பலர் பிஎல்சியின் ஈதர்நெட் போர்ட் பழுது என்று முடிவுகட்டி, புதியதற்கு விலைமனு கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது இதைவிட ஏமாற்றும். பிஎல்சிக்கு 192.168.10.10. ஆனால் மாஸ்க் 255.255.255.128 என்று யாரோ போட்டுவிட்டார்கள். தொடுதிரை 192.168.10.20, ஒழுங்காக வேலை செய்கிறது. இன்வேட்டர் 192.168.10.30, அதுவும் வேலை செய்கிறது. உங்கள் மடிக்கணினி 192.168.10.200, அதற்கு மட்டும் தொடர்பு இல்லை. 128 என்ற மாஸ்க் வலையமைப்பை 0 முதல் 127, 128 முதல் 255 என்று இரண்டாக வெட்டிவிட்டது. பிஎல்சியின் கணக்கில் 200 வெளியூர். சில சாதனங்களோடு மட்டும் பேசி, சிலவற்றோடு பேசாமல் இருக்கும் பிஎல்சியைக் கண்டால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்.

இப்படிப்பட்ட மாஸ்க்கைக் கணக்கிட ஒரு சுருக்கு வழி: 256இலிருந்து மாஸ்க்கின் கடைசி எண்ணைக் கழியுங்கள். 255.255.255.192 என்றால் 256 கழித்தல் 192, விடை 64. வலையமைப்புகள் 0, 64, 128, 192 ஆகிய எண்களில் தொடங்குகின்றன. ஒவ்வொன்றிலும் 62 சாதனங்களுக்கு இடம். 20 முதல் பிரிவில், 70 இரண்டாவது பிரிவில். இரண்டும் கேட்வே இல்லாமல் பேசாது. 64, 127 ஆகிய எண்கள் இரண்டாவது பிரிவின் ஓரங்கள் என்பதால் அவற்றை எந்தச் சாதனத்துக்கும் கொடுக்க முடியாது.

3. முகவரித் திட்டத்தைத் தாளில் எழுதுங்கள்

ஒரு ஆலைக்கு அல்லது ஓர் உற்பத்தி வரிசைக்கு ஒரு வலையமைப்பு. மாஸ்க் எல்லாவற்றுக்கும் 255.255.255.0. அதற்கு மேல் கெட்டித்தனம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஐந்தாறு சாதனம் உள்ள இடத்தில் 255.255.255.248 போட்டு முகவரிகளை மிச்சம் பிடிப்பதால் எவருக்கும் ஒரு சதமும் இலாபமில்லை. நாளை இன்னொரு ஃப்ளோ மீட்டர் வாங்கினால் இடம் இருக்காது. பெரிய நிறுவனத்தின் கணினிப் பிரிவு உங்களுக்கென்று ஒரு சிறு துண்டை ஒதுக்கித் தந்தால் மட்டும் அவர்கள் சொல்லும் மாஸ்க்கை அப்படியே போடுங்கள்.

எந்த எண்ணில் தொடங்குவது? தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை மூன்று: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையானவை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றுக்கு வெளியே போகக்கூடாது. இவற்றுக்குள்ளும் 192.168.0, 192.168.1, 192.168.8 ஆகியவற்றைத் தவிர்க்கும்படி சொல்வேன். வீட்டு இணைய ரவுட்டர்களும் 4ஜி ரவுட்டர்களும் பெரும்பாலும் இவற்றோடுதான் வருகின்றன. ஆலையும் அலுவலக ரவுட்டரும் ஒரே எண்ணில் இருந்தால் பின்னர் இரண்டையும் இணைக்கும் நாளில் பெரும் தொல்லை.

குடிநீர் ஆலைக்கு 192.168.10 என்று வைத்துக்கொண்டால் நான் இப்படிப் பிரிப்பேன். கடைசி எண் 1, இன்று இல்லாவிட்டாலும் வருங்காலக் கேட்வேக்கு. 2 முதல் 9 வரை சுவிட்சுகளுக்கு. 10 முதல் பிஎல்சிகள்: சுத்திகரிப்புக்கு 10, போத்தல் நிரப்பும் இயந்திரத்துக்கு 11. 20 முதல் தொடுதிரைகள். 30 முதல் இன்வேட்டர்கள். 60 முதல் மீட்டர்களும் தொலை உள்ளீட்டுப் பெட்டிகளும். 200 முதல் பராமரிப்பு மடிக்கணினிகள். இடையில் நிறைய வெற்றிடம் விட்டிருக்கிறேன். அது வேண்டுமென்றே விட்டது.

4. மடிக்கணினியைத் தயார்செய்யுங்கள்

வைஃபையை அணையுங்கள். இதைச் செய்யாமல் எதையும் தொடங்காதீர்கள். வைஃபையும் கேபிளும் ஒரே வலையமைப்பு எண்ணில் இருந்தால், விண்டோஸ் செய்தியை எந்த வழியாக அனுப்பும் என்பது உங்கள் கையில் இல்லை. பிஎல்சிக்குப் போகவேண்டியது இணைய ரவுட்டருக்குப் போய்த் தொலைந்துவிடும்.

பிறகு கேபிள் அடாப்டரின் ஐபி பதிப்பு 4 அமைப்பைத் திறந்து 192.168.10.200, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் இடுங்கள். கேட்வேயை வெறுமையாக விடுங்கள். முகவரியை அடித்ததும் மாஸ்க் பெட்டியை விண்டோஸ் தானாக நிரப்பிவிடும். அது போட்டது சரியா என்று பாருங்கள். 10 என்று தொடங்கும் முகவரிக்கு அது 255.0.0.0 என்று போடும். உங்கள் திட்டம் அதுவாக இருக்காது.

கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், தானாக முகவரி கேட்டு எவரும் கொடுக்காததால் அது தனக்கே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். கையால் இட்டது பதியவில்லை, அல்லது வேறு அடாப்டரில் இட்டுவிட்டீர்கள்.

ஒரே அடாப்டருக்கு மேலதிக முகவரிகளையும் சேர்க்கலாம். மேம்பட்ட அமைப்புகளுக்குள் அந்த வசதி இருக்கிறது. பழைய முகவரியில் இருக்கும் சாதனத்தையும் புதிய முகவரிக்கு மாறியதையும் ஒரே நேரத்தில் பார்க்க இது மிக உதவும்.

5. பிஎல்சிக்கு முகவரி இடுங்கள்

ஒரு நேரத்தில் ஒரு பிஎல்சி மட்டும். பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு புதிய சாதனங்கள் ஒரே முகவரியோடு வந்திருக்கக்கூடும். இரண்டையும் சுவிட்சில் செருகிவிட்டு ஒன்றின் முகவரியை மாற்றப் போனால் எது மாறியது என்று தெரியாது.

ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. சீமென்ஸ் எஸ்7-1200 புதிதாக வரும்போது முகவரியே இல்லாமல் வரும். டிஐஏ போர்ட்டல் அதை மாக் முகவரியால் தேடிக் கண்டுபிடிக்கும். மிட்சுபிஷி எஃப்எக்ஸ்5யு 192.168.3.250 என்ற முகவரியோடு வரும். ஒம்ரோன் என்ஜே, என்எக்ஸ் வகைகள் 192.168.250.1. டெல்டாவின் பல மாதிரிகள் 192.168.1.5. ஷ்னைடர் எம்221இன் முகவரி 10.10 என்று தொடங்கும். மற்ற இரண்டு எண்களும் அதன் மாக் முகவரியின் கடைசி இரண்டு பகுதிகளிலிருந்து வரும். மாக் முகவரி 1எஃப், ஏ2 என்று முடிந்தால், அவற்றைப் பதின்ம எண்ணாக்க 31, 162. ஆகவே அதன் முகவரி 10.10.31.162. இதை அறியாவிட்டால் அந்தச் சாதனத்தை நாள் முழுக்கத் தேடுவீர்கள். சாதனத்தை முதலில் சந்திக்க உங்கள் மடிக்கணினி அதன் பிறவி முகவரியின் வலையமைப்புக்குள் இருக்க வேண்டும். முகவரியை மாற்றியதும் கணினியையும் புதிய வலையமைப்புக்குக் கொண்டுவாருங்கள்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, ஆலன் பிராட்லியின் பல கட்டுப்பாட்டுச் சாதனங்கள் பூட்பி முறையில் முகவரி கேட்கும் நிலையில் வருகின்றன. இலவசக் கருவி ஒன்றால் முகவரியைக் கொடுப்பீர்கள், எல்லாம் வேலை செய்யும், மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவீர்கள். பூட்பியை அணைத்து முகவரியை நிலையானதாக ஆக்காமல் விட்டால், அடுத்த மின்தடைக்குப் பிறகு சாதனம் மறுபடியும் முகவரி கேட்டபடி நிற்கும். கொடுக்க உங்கள் மடிக்கணினி அங்கே இருக்காது. பொருத்திய நாளில் நன்றாக ஓடி, முதல் மின்தடையோடு ஊமையாகிவிடும் பனலில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். தொடுதிரையோ மீட்டரோ ரவுட்டரிடமிருந்து தானாக முகவரி வாங்கும் நிலையில் இருந்தாலும் இதே கதிதான். மின்சாரம் திரும்பியதும் வேறு முகவரியோடு எழும்பலாம். ஆலைக்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் நிலையான முகவரி வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, சீமென்ஸில் முகவரி புரோகிராம் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. வன்பொருள் அமைப்பை டவுன்லோட் செய்தால் கோப்பிலுள்ள முகவரியும் சேர்ந்து போகும். பழைய கோப்பைப் போட்டால் பழைய முகவரி திரும்பிவிடும். டவுன்லோடுக்கு முன் கோப்பிலுள்ள முகவரியையும் மாஸ்க்கையும் தாளோடு ஒப்பிடுங்கள். பிராஃபிநெட் என்ற தொழிற்சாலை ஈதர்நெட் முறை வழியாக இணையும் சாதனங்களுக்கு முகவரியோடு சாதனப் பெயரும் வேண்டும். கோப்பிலுள்ள பெயரும் சாதனத்துக்குச் சூட்டிய பெயரும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். முகவரி சரியாக இருந்தும் தொடர்பு வராவிட்டால் பெயரைப் பாருங்கள். பெயர் சூட்டும் அந்த முறை ரவுட்டரைத் தாண்டி வேலை செய்யாது. ஆகவே அதே சுவிட்சில் இணைந்து நின்று செய்யுங்கள்.

மூன்றாவது, இரண்டு போர்ட் இருப்பதால் இரண்டு வலையமைப்பு என்று எண்ணுவது. எஸ்7-1215இல் உள்ள இரண்டு போர்ட்களும் உள்ளே ஒரு சுவிட்ச்தான், முகவரி ஒன்றே. அலுவலகக் கேபிளை ஒன்றிலும் ஆலைக் கேபிளை மற்றதிலும் செருகினால் இரண்டு வலையமைப்பும் ஒன்றாகிவிடும். எஸ்7-1500இன் பெரிய மாதிரிகளில் எக்ஸ்1, எக்ஸ்2 என்று தனித்தனி இடைமுகங்கள் உண்டு. அவற்றுக்குக் கட்டாயம் வேறு வேறு சப்நெட் கொடுக்க வேண்டும்.

6. தொடுதிரை, இன்வேட்டர், மீட்டர்

தொடுதிரையில் இரண்டு முகவரிகள் இருப்பதை மறக்கவேண்டாம். ஒன்று அதன் சொந்த முகவரி, மற்றது அது தேடிப்போகும் பிஎல்சியின் முகவரி. பிஎல்சியின் முகவரியை மாற்றினால் தொடுதிரையின் புரோகிராமிலும் மாற்றி மறுபடி ஏற்ற வேண்டும். தொடுதிரையின் மூலக்கோப்பு கையில் இல்லாவிட்டால் பிஎல்சியின் முகவரியை மாற்றும் எண்ணத்தையே விடுங்கள். முதலாம் பகுதியில் கோப்பைக் கேட்டு வாங்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

இன்வேட்டர்கள் பல மாதிரிகளில் முகவரியை நான்கு தனி அளபுருக்களாக இடச் சொல்லும். மாஸ்க்குக்கு இன்னும் நான்கு. அவற்றை இட்ட பிறகு மின்சாரத்தை முழுதாக அணைத்துப் போட்டால்தான் சில மாதிரிகளில் நடைமுறைக்கு வரும். உள்ளே மின்தேக்கிகளில் மின்னேற்றம் தேங்கியிருக்கும். கைநூலில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே மூடியைத் திறவுங்கள்.

சாதனங்கள் மொட்பஸ் டிசிபி என்ற தொடர்பு முறையில் பேசினால் போர்ட் எண் 502. இது கேபிள் செருகும் போர்ட் அல்ல, மென்பொருள் பயன்படுத்தும் இலக்கம்.

7. சோதிக்கும் ஒழுங்கு

கீழிருந்து மேலே போங்கள். முதலில் போர்ட் விளக்கு எரிகிறதா? பிறகு ஐபிகான்ஃபிக் கட்டளையால் உங்கள் முகவரியையும் மாஸ்க்கையும் கண்ணால் பாருங்கள். பிறகு பிஎல்சியைப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் ஏஆர்பி பட்டியலைத் திறந்து, அந்த முகவரிக்குத் தெரியும் மாக் எண் பனலில் இருக்கும் சாதனத்தின் மேல் அச்சிட்டிருப்பதுதானா என்று ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் அதே முகவரியோடு இன்னொரு சாதனம் எங்கோ இருக்கிறது.

முகவரி மோதலின் அறிகுறி விட்டுவிட்டு வரும் தொடர்பு. சற்று நேரம் வேலை செய்யும், சற்று நேரம் செய்யாது. புதிய முகவரி கொடுக்குமுன் அதைப் பிங் செய்து காலியா என்று பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நேரத்தில் அணைந்து கிடக்கும் சாதனம் பதில் சொல்லாது. மேலதிகப் பம்பியின் பனல், வாரத்தில் ஒருநாள் மட்டும் ஓடும் இயந்திரம் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

விண்டோஸ் கணினி ஒன்றைப் பிங் செய்து பதில் வராவிட்டால் உடனே மனம் தளரவேண்டாம். அதன் ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம். கணினியிலிருந்து பிஎல்சியைப் பிங் செய்து பாருங்கள்.

சோதனையின் கடைசிக் கட்டம் மின்சாரத்தை முழுவதுமாக அணைத்துப் போடுவது. நம் பகுதியில் மின்சாரம் எப்படியும் ஒருநாள் நிற்கும். அது உங்கள் கண்முன்னால், நீங்கள் தயாராக இருக்கும்போது நிற்கட்டும். எல்லாச் சாதனங்களும் தாமாக எழுந்து தொடர்பு பிடிக்கும்வரை நின்று பாருங்கள்.

8. அலுவலகத்தோடு இணைப்பது

உரிமையாளர் உற்பத்திக் கணக்கைத் தன் மேசையில் பார்க்க விரும்புவார். அது நியாயமான விருப்பம். அதற்காக ஆலைச் சுவிட்சிலிருந்து அலுவலக ரவுட்டருக்கு ஒரு கேபிளை நேரே இழுத்துவிடாதீர்கள். இடையில் ஒரு ரவுட்டரோ ஃபயர்வாலோ வைத்து, ஆலைப் பக்கம் 192.168.10.1, அலுவலகப் பக்கம் அலுவலக வலையமைப்பில் ஒரு முகவரி என்று கொடுங்கள். ஆலைச் சாதனங்களில் கேட்வே என்ற இடத்தில் 192.168.10.1 ஐ இடுங்கள். அலுவலகக் கணினிக்கோ அதன் ரவுட்டருக்கோ 192.168.10 எங்கே இருக்கிறது என்ற வழியையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். போகும் வழி மட்டும் தெரிந்து திரும்பும் வழி தெரியாவிட்டால் தொடர்பு வராது. கேட்வேயின் முகவரி சாதனத்தின் அதே சப்நெட்டுக்குள் இருக்கவேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

ஒரே தயாரிப்பாளரிடம் வாங்கிய இரண்டு இயந்திரங்கள் உள்ளே ஒரே முகவரிகளோடு வந்து, அவற்றை மாற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று சொன்னால், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் முன்னால் ஒரு நாட் ரவுட்டர் வைப்பது முறையான தீர்வு. உள்ளே முகவரி அப்படியே இருக்கும், வெளியே வேறாகத் தெரியும்.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்று இணைய ரவுட்டரில் 502ஐயோ சீமென்ஸ் பயன்படுத்தும் 102ஐயோ திறந்துவிட எவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். மொட்பஸ் டிசிபியில் கடவுச்சொல் என்ற ஒன்றே கிடையாது. முகவரி தெரிந்த எவரும் பம்பியை நிறுத்தலாம். விபிஎன், அதாவது கடவுச்சொல்லோடு மறைகுறியாக்கிய தனி இணைப்பு, வழியாக மட்டும் வரட்டும். அப்போதும் வீட்டு ரவுட்டரின் எண்ணும் ஆலையின் எண்ணும் ஒன்றாக இருந்தால் வேலை செய்யாது. 192.168.1 வேண்டாம் என்று முன்னே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

9. செலவும் நேரமும்

மென்பொருளில் தொடங்குவோம். வயர்ஷார்க் இலவசம். சீமென்ஸ் சாதனங்களைத் தேடவும் பெயர் சூட்டவும் புரோநெட்டாவின் அடிப்படைப் பதிப்பு இலவசம். டிஐஏ போர்ட்டலின் சோதனை உரிமம் 21 நாள் செல்லும். அதை வேலைநாள் உறுதியான பிறகு தொடங்குங்கள். உதிரிப்பாகம் வருமுன்பே தொடங்கிவிட்டால் நாட்கள் வீணாகக் கழியும். வீட்டில் பழக, பிஎல்சி புரோகிராம் எழுதும் மென்பொருளான கோட்சிஸ் நல்லது. இலவசம். அதன் மென்பிஎல்சி (கணினியிலேயே ஓடும் பிஎல்சி) உரிமம் இல்லாமல் இரண்டு மணித்தியாலம் ஓடும், நின்றால் மறுபடி தொடங்கலாம்.

வன்பொருளில் சுவிட்சுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். அலுவலக மேசைக்கான மலிவுச் சுவிட்ச் யாழ் நகரக் கடைகளில் உடனே கிடைக்கும். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் மூடிய பனலுக்குள் அது நீடிக்காது. அதற்கென்று தனி அடாப்டரும் வேண்டும். பனல் தண்டவாளத்தில் பொருத்தி 24 வோல்ட்டில் இயங்கும் தொழிற்சாலைச் சுவிட்சையே கேளுங்கள். செப்புக் கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. கிணற்றடிப் பம்பி அறை போல, கட்டடத்துக்கு வெளியே போகவேண்டியிருந்தால் ஃபைபர் இழுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் வெளியே ஓடும் செப்புக் கேபிள் இரண்டு பக்கத்துப் போர்ட்களையும் சேர்த்து எரித்துவிடும்.

விலைமனு வாங்கும்போது நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். 18 சதவீத வற் வரி சேர்ந்ததா, சேராததா? விலை எத்தனை நாள் செல்லும்? பொருள் கொழும்பில் இருப்பில் இருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமா? கொழும்பிலிருந்து ஆள் வந்தால் நாட்கூலி, பயணம், தங்குமிடம் தனித்தனியாக எவ்வளவு? ஒரே தொகையாக எழுதித் தரும் விலைமனுவில், முகவரியை மாற்றுவது போன்ற சிறு வேலைக்கும் முழுப் பயணச் செலவு உள்ளே ஒளிந்திருக்கும். அந்தச் சிறு வேலைகளை நீங்களே செய்யப் பழகிவிட்டால் ஆலைக்கு மிச்சமாகும் பணம் கொஞ்சமல்ல.

நேரத்துக்கு வருவோம். ஓடும் ஆலையில் முகவரி மாற்றவேண்டாம். போயா விடுமுறை நாளையோ, வடிகட்டி கழுவ எப்படியும் நிறுத்தும் நாளையோ உரிமையாளரிடம் முன்கூட்டிக் கேளுங்கள். திட்டம் தாளில் முழுதாக இருந்தால், நமது உதாரண ஆலை அளவுக்கு ஒரு பகல் போதும். காலையில் எல்லாப் புரோகிராம்களையும் நகலெடுங்கள். மதியத்துக்குள் முகவரிகளை மாற்றிவிடுங்கள். பிற்பகலைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். பிற்பகலையும் மாற்ற வேலைக்கே செலவிட்டால் இரவு ஆலையை ஓட்ட முடியாமல் நிற்பீர்கள். திட்டமில்லாமல் தொடங்கினால் எத்தனை நாள் எடுக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

10. எழுதி ஒட்டுங்கள்

முகவரிப் பட்டியலை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு, பனல் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். வரிசைகள் இப்படி இருக்கட்டும்: சாதனத்தின் பெயர், இருக்கும் இடம், ஐபி, மாஸ்க், கேட்வே, மாக், சுவிட்சில் எந்தப் போர்ட், கடைசியாக மாற்றிய திகதி, மாற்றியவரின் பெயர். எல்லாவற்றுக்கும் ஒரே மாஸ்க்தான் என்றாலும் அந்த வரிசையைச் சுருக்காதீர்கள். ஒவ்வொரு சாதனத்திலும் நேரில் பார்த்து நிரப்புங்கள். பிழைத்த மாஸ்க் அப்போதுதான் அகப்படும். கேபிளின் இரு முனையிலும் அதே பெயரைக் கட்டுங்கள்.

கடவுச்சொற்களைக் கதவில் எழுதக்கூடாது. அவை மூடிய உறையில் உரிமையாளரின் அலுமாரியில் இருக்கட்டும். புரோகிராம் கோப்புகளுக்கு இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று ஆலையில், மற்றது ஆலைக்கு வெளியே. கோப்பின் பெயரில் திகதியைச் சேருங்கள். உங்களுக்குப் பின் அந்தப் பனலைத் திறப்பவர் எது கடைசி என்று யாரிடமும் கேட்கவேண்டியிருக்கக்கூடாது.